அஞ்சு வருஷப் பழைய பிசிய தூக்கிப் போடாம மாத்தின கதை: ஆறு மாசம் ஓட்டிப் பாத்த ரிவியூ

சிங்கப்பூர்ல 2024 தீமிதி அன்னைக்கு பெருமாள் கோயில்ல இருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் கூடவே நடந்து எடுத்த படம் மொத்தம் 1,400. தேறினது ஒரு 200 இருக்கும், எல்லாமே ராத்திரி எடுத்தது, ஐஎஸ்ஓ (இருட்டுல கேமரா வெளிச்சத்த கூட்டிக்கற அளவு) 6400க்கு கீழ எதுவுமே இல்ல. லைட்ரூம்ங்கற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டிநாய்ஸ் போட்டாதான் முகத்துல புள்ளி புள்ளியா இருக்கறது போயி விபூதி வேற வேர்வை வேறன்னு தெரியும். என் பழைய கிராஃபிக்ஸ் கார்டுல ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிஷம் ஆச்சு, அப்ப 200 படத்துக்கு அஞ்சு மணி நேரம், அந்த அஞ்சு மணி நேரமும் கம்ப்யூட்டர்ல வேற எதையும் தொட முடியாது, மவுஸே திக்கித் திக்கிதான் நகரும். பூக்குழி இறங்கினவங்க வீட்ல இருந்து வாட்ஸ்அப்ல "தம்பி படம் ரெடியா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த தீமிதிக்கு முன்னாடி இந்த மெஷின மாத்தியே ஆகணும்னு.

மெஷின் என்னன்னா, 2020ல சர்க்யூட் பிரேக்கர் (கோவிட் ஊரடங்கு) முடிஞ்ச கையோட கட்டினது. ரைசன் 5 3600, பி450 போர்டு (சிபியு மாட்டற சாக்கெட் ஏஎம்4 வகை), 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 500 ஜிபி எஸ்எஸ்டி, கூட ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க், 550 வாட் பவர் சப்ளை. போட்டோ வேலை என்னோடது, கேம் எனக்கும் தம்பிக்கும். அவனுக்கு வேலரண்ட், எனக்கு சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கேம். ஒரே மெஷின் ரெண்டு வேலைக்கும் ஒத்து வரணும், அதான் குழப்பமே, ஏன்னா யூட்யூப்ல கேமுக்கு சொல்ற பார்ட்ஸ் வேற, போட்டோவுக்கு சொல்ற பார்ட்ஸ் வேற.

வாங்கறதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு உருப்படியான காரியம், ஒரு வாரம் டாஸ்க் மேனேஜர தொறந்து வச்சுக்கிட்டே வேலை பாத்தேன். எங்க காத்திருக்கேன், அப்ப எது 100ல நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதினேன். டிநாய்ஸ் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 100, சிபியு சும்மா இருக்கு. இம்போர்ட் பண்ணி பெரிய பிரிவியூ உருவாக்கும்போது சிபியு 100, கார்டு சும்மா. ஃபோட்டோஷாப்ல அஞ்சாறு படத்த ஒட்டி பனோரமா பண்ணா மெமரி 15 ஜிபிய தாண்டி டிஸ்க்க போட்டு உருட்டுது. சைபர்பங்க்ல கார்டு 99. வேலரண்ட்ல மட்டும் கார்டு பாதிலயே நிக்குது, சிபியுதான் இழுக்குது. இந்த பேப்பர்தான் எனக்கு காசு மிச்சம் பண்ணிக் குடுத்துச்சு, எப்படின்னு சொல்றேன்.

முதல்ல போன கடைல (பேரு வேண்டாம்) பேப்பர பாக்கவே இல்ல. "இது பழசு, ஏஎம்5 புது சாக்கெட்டுக்கு போ, போர்டு, சிபியு, டிடிஆர்5 ரேம், 850 வாட் பவர் சப்ளை"ன்னு கணக்கு போட்டு 2,600 வெள்ளி சொன்னாங்க. கார்டு மட்டும் அதுல 8 ஜிபி! எனக்கு எங்க வலிக்குதோ அங்க கம்மியா போட்டு, வலிக்காத எடத்துல காச கொட்ட சொல்றாங்க. வாரண்டி பத்தி கேட்டா ஏழு நாளைக்குள்ள மட்டும்தான் மாத்தித் தருவோம், அதுக்கப்புறம் நீங்களே கம்பெனிக்கிட்ட பாத்துக்கோங்கன்னாங்க. இது தப்பு. சிங்கப்பூர்ல 2012 செப்டம்பர்ல இருந்து லெமன் லா இருக்கு, வாங்கின ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது குடுக்கும்போதே இருந்த கோளாறுன்னுதான் எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரரோட பொறுப்பு. இத தெரியாம நிறைய பேரு கெட்டுப்போன பொருள வீட்ல வச்சிருக்காங்க.

அடுத்த சனிக்கிழமை தேக்காவுல சாப்டுட்டு அப்படியே நடந்து சிம் லிம் ஸ்குவேர் போனேன். ரோச்சோர் எம்ஆர்டி வாசல்லயே இருக்கு, தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. மேல் மாடிலதான் பார்ட்ஸ் கடைங்க. ஒரு சின்ன கடை, ஒரு சீன அங்கிள், அறுபது வயசு இருக்கும். பேப்பர வாங்கி கண்ணாடிய போட்டுக்கிட்டு முழுசா படிச்சாரு. அப்புறம் கேட்ட மூணு கேள்வி: கேமரா எத்தனை மெகாபிக்சல், மானிட்டர் என்ன ரெசல்யூஷன், போர்டு என்ன மாடல். 24 மெகாபிக்சல், 1440பி, பி450ன்னேன். "போர்ட மாத்தாத, அதுக்கு இன்னும் ஆயுசு இருக்கு"ன்னாரு. பார்ட்ஸ் விக்கறவரு வாங்காதேன்னு சொன்னதுலயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. எல்லா பொருளோட சீரியல் நம்பரையும் பில்லுல எழுதிக் குடுத்தாரு, எல்லாமே லோக்கல் டிஸ்ட்ரிபியூட்டர் வாரண்டி. ஆன்லைன்ல வெளிநாட்டுல இருந்து எறக்கினா கொஞ்சம் கம்மியா தெரியும், ஆனா 2023ல இருந்து சின்ன பார்சலுக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்ப அது 9 சதவீதம், கெட்டா திருப்பி அனுப்பற செலவு தனி. கூட்டிக் கழிச்சுப் பாத்தா மிச்சம் ஒண்ணும் இல்ல.

இப்ப கார்டுக்கு வரேன், இதுலதான் ரொம்ப நாள் மண்டைய ஒடச்சேன். கடைசில எடுத்தது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. 16ன்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா அதே பேருல 8 ஜிபி ஒண்ணு இருக்கு, சிப்பு ஒண்ணுதான், டப்பாவும் அச்சு அசல் ஒரே மாதிரி, அமெரிக்காவுல அறிவிச்ச விலைல வித்தியாசம் 50 டாலர்தான் (379, 429). நம்மள மாதிரி பழைய போர்டு வச்சிருக்கவங்களுக்கு அந்த 8 ஜிபி கார்டு பெரிய கண்ணி. காரணம் என்னன்னா, இந்த கார்டு போர்டோட பேசறதுக்கு 16 லேன்ல (டேட்டா போற பாதை) 8 தான் உபயோகிக்குது. புது போர்டுல கார்டு மாட்டற இணைப்பு பிசிஐஇ 5.0ங்கறதால 8 லேனே தாராளம், செகண்டுக்கு 32 ஜிபி கிட்ட போகும். பி450ல இருக்கறது 3.0, அதே 8 லேன்ல 8 ஜிபி கூட போகாது. கார்டோட சொந்த மெமரிக்குள்ள எல்லாம் அடங்கிட்டா இந்த ரோடு சின்னதா இருக்கறது பெருசா தெரியாது. மெமரி பத்தாம சிஸ்டம் ரேமுக்கு போயி எடுத்துட்டு வர ஆரம்பிச்சாதான் கேம் வெட்டி வெட்டி ஓடும். 8 ஜிபி 1440பில சீக்கிரம் நிரம்பிரும். 16 ஜிபின்னா அந்த நிலைமையே எனக்கு இதுவரைக்கும் வரல.

கேம் மட்டும்தான் ஆடுவேன்னு சொல்றவங்க ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிய பாருங்க, அதுக்கு 16 லேனும் இருக்கு, விலையும் கம்மி, பழைய போர்டுக்கு அதுதான் பொருத்தமான ஜோடி. நான் ஏன் அத எடுக்கலன்னா டிநாய்ஸ் ஒண்ணுக்காகத்தான். இந்த ஏஐ வேலைக்குன்னே என்விடியா கார்டுல டென்சர் கோர்னு தனியா இருக்கு, என் 1660 சூப்பர்ல அது இல்லவே இல்ல, அதனாலதான் அப்படி தவிச்சுது. அங்கிள் கடைலயே ஒரு மெஷின்ல என் படத்த போட்டு ஓட்டிக் காட்டினாரு (நான் ரா ஃபைல தம்ப் டிரைவ்ல எடுத்துட்டு போயிருந்தேன், நீங்களும் எடுத்துட்டு போங்க). ஒன்றரை நிமிஷம் ஆன படம் 12 செகண்ட்ல முடிஞ்சுது. கண்ணால பாத்துட்டு அப்பவே பேங்க் கார்ட நீட்டிட்டேன், கிட்டத்தட்ட 700 வெள்ளி. 2025 தீமிதி படம் 200ம் நாப்பது நிமிஷத்துல முடிஞ்சு, மறுநாள் மத்தியானத்துக்குள்ள எல்லார் வீட்டுக்கும் போயிருச்சு. ஒரு அம்மா பையன் பூக்குழி இறங்கற படத்த பாத்துட்டு போன்லயே அழுதாங்க. அதுக்குத்தானே இவ்ளோ பாடும்.

சிபியுல ஒரு விவாதம் உண்டு. ஏஎம்4ல கேமுக்கு எக்ஸ்3டி சிபியுதான் ராஜா, 96 எம்பி எல்3 கேஷ் (சிபியுக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) இருக்கறதால சில கேம்ல பாய்ச்சல் காட்டும். நானும் 5700எக்ஸ்3டிதான் மனசுல வச்சிருந்தேன். ஆனா அதோட பூஸ்ட் (உச்ச கிளாக் வேகம்) 4.1 கிகாஹெர்ட்ஸ், சாதா 5700எக்ஸ் 4.6. ரெண்டுமே 8 கோர். லைட்ரூம், ஃபோட்டோஷாப்புக்கு அந்த பெரிய கேஷ் அவ்வளவா உதவாது, கிளாக்தான் உதவும். அதோட 1440பில பெரிய கேம் ஆடும்போது என் பேப்பர் சொன்ன மாதிரி கார்டுதான் முட்டுக்கட்டை, சிபியு இல்ல. வேலரண்ட்ல எக்ஸ்3டி இன்னும் அதிக எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்) குடுத்திருக்கும், தம்பிக்கு அந்த ஆசை இருந்துச்சு, ஆனா எங்க மானிட்டர் 165 ஹெர்ட்ஸ், 5700எக்ஸே அதுக்கு மேல தள்ளுது. அப்புறம் என்ன. 65 வாட்தான், பழைய 3600 எவ்ளோ குடிச்சுதோ அதே. பிரிவியூ உருவாக்கறது முன்னாடி ஆன நேரத்துல கிட்டத்தட்ட பாதி. ஒண்ணு கவனிங்க, 5700எக்ஸ் டப்பாவுல கூலர் வராது, தனியா வாங்கணும். நான் ஒரு டவர் கூலர் 45 வெள்ளிக்கு எடுத்தேன்.

மாட்டறதுல ரெண்டு விஷயம், ரெண்டுமே அங்கிள் சொல்லி தப்பிச்சது. ஏஎம்4ல பின்னு எல்லாம் சிபியு அடில இருக்கும், பழைய தெர்மல் பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டா கூலர தூக்கும்போது சிபியுவும் சேந்து சாக்கெட்ட விட்டு பிடுங்கிட்டு வந்துரும், பின்னு வளஞ்சா போச்சு. அதனால கழட்டறதுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி பிளக்க பிடுங்கிட்டு, கூலர தூக்காம முதல்ல இப்படியும் அப்படியும் திருகணும், மெதுவா விட்டுரும். இன்னொண்ணு, பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்ட பழைய சிபியு இருக்கும்போதே பண்ணிரணும், இல்லன்னா புது சிபியுவ போர்டுக்கு அடையாளமே தெரியாது, கருப்பு ஸ்கிரீன்தான்.

அப்டேட் நல்லாதான் போச்சு. ஆனா அதுக்கப்புறம் ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு, அத விவரமா சொல்றேன், உங்களுக்கு மிச்சமாகட்டும். பயாஸ் அப்டேட் பண்ணா எல்லா செட்டிங்கும் பழைய நெலமைக்கு போயிரும். எக்ஸ்எம்பி (ரேம முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆஃப் ஆகி ரேம் 3200ல ஓட வேண்டியது 2133ல ஓடுது. சிபியு மாத்தினதும் ஸ்கிரீன்ல எஃப்டிபிஎம்ம (சிபியுக்குள்ள சாவிய பத்திரமா வைக்கற பகுதி, டிபிஎம்மும் இதுதான்) ரீசெட் பண்ணவா, Yயா Nனான்னு கேக்கும், பிட்லாக்கர் (விண்டோஸோட டிரைவ் பூட்டு) போட்டிருந்தா ரெக்கவரி கீ கைல இல்லாம Y அமுக்காதீங்க, டிரைவ் பூட்டிக்கும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடியுதுன்னு இதோட சேத்து 11க்கும் மாறினேன், மாறின உடனே தம்பி வேலரண்ட தொறந்தா வேன் 9003னு எரர். அந்த கேமோட ஏமாத்து தடுப்பு சாஃப்ட்வேர் விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் (கம்ப்யூட்டர் தொறக்கும்போதே சாஃப்ட்வேர சரிபாக்கற வசதி) ஆன்ல இருந்தாதான் உள்ள விடும். செக்யூர் பூட்ட ஆன் பண்ணணும்னா சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப் ஆகணும், சிஎஸ்எம் ஆஃப் ஆனா பழைய எம்பிஆர் முறைல இருந்த என் டிஸ்க்குல இருந்து பூட் ஆகாது. கடைசில பேக்கப் எடுத்துட்டு, விண்டோஸ்லயே இருக்கற எம்பிஆர்2ஜிபிடி கருவிய வச்சு ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தி, அப்புறம் சிஎஸ்எம்ம ஆஃப் பண்ணி, அப்புறம் செக்யூர் பூட். இந்த வரிசைய மாத்தினா மறுபடி முதல்ல இருந்துதான் வரணும்.

ரேம் 16 ஜிபி ரெண்டு குச்சி, 3200, அவ்ளோதான், மொத்தம் 32. பழைய ரெண்ட கழட்டிட்டேன், நாலு குச்சி போட்டா பழைய போர்டுல வேகம் நிக்காம அடம் பிடிக்கலாம்னு அங்கிள் சொன்னாரு. பனோரமா பண்ணும்போது இப்ப டிஸ்க் உருட்டல் இல்ல. அப்ப 100 வெள்ளி கிட்ட குடுத்தேன், 2025 கடைசில இருந்து ரேம் விலை எகிறிக் கெடக்கு, அதனால கைல டிடிஆர்4 இருக்கறவங்க அத வச்சே ஓட்டறதுக்கு இன்னும் ஒரு காரணம்.

எஸ்எஸ்டி 2 டிபி. உள்ள இருக்கற சிப்பு டிஎல்சி வகையா கியூஎல்சி வகையான்னு கேட்டு வாங்குங்க. கியூஎல்சி முதல் கொஞ்ச நேரம் பறக்கும், கேஷ் நிரம்பினதும் படுத்துரும், என்ன மாதிரி ஒரே மூச்சுல 35 ஜிபி எறக்கறவங்களுக்கு அது தெரியும். என் போர்டுல எஸ்எஸ்டி மாட்டற ரெண்டாவது எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 2.0 வேகம்தான், அத மேனுவல்ல பாத்து தெரிஞ்சுக்கிட்டு புது எஸ்எஸ்டிய முதல் ஸ்லாட்லயும் பழைய 500 ஜிபிய ரெண்டாவதுலயும் போட்டேன். லைட்ரூம் கேட்டலாக், பிரிவியூ, இந்த வருஷப் படம் எல்லாம் எஸ்எஸ்டில, பழைய வருஷத்து ரா ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குலயே கெடக்கு, அதுல ஒரு கொறையும் தெரியல.

பவர் சப்ளை: கார்டு 125 வாட்ல இருந்து 180க்கு போயிருக்கு, 55 தான் கூட. முதல் கடை சொன்ன 850 தேவையே இல்ல. ஆனா வாட்டுக்காக இல்ல, வயசுக்காக மாத்துன்னு அங்கிள் சொன்னாரு, அஞ்சு வருஷ வாரண்டி முடிஞ்சிருச்சு. 650 வாட் கோல்ட் ரேட்டிங் எடுத்தேன். மாடுலர் சப்ளை (கேபிள தனியா கழட்டற வகை) மாத்தினா பழைய கேபிள அப்படியே வச்சுக்கிட்டு புது சப்ளைய மட்டும் மாட்டாதீங்க, வெளிப்பக்கம் பாக்க ஒண்ணா இருந்தாலும் உள்ள ஒயர் வரிசை கம்பெனிக்கு கம்பெனி வேற, டிஸ்க்கே எரிஞ்சு போகும்.

மானிட்டர் மாத்தல, பழைய 27 இன்ச் ஐபிஎஸ்தான், ஆனா இந்த அப்கிரேடுல செலவே இல்லாம கெடச்ச பெரிய மாற்றம் அதுலதான். ரெண்டு வருஷமா நான் எடுக்கற கல்யாண ஆல்பம் பிரிண்ட் எல்லாம் இருட்டா வந்துச்சு. மாப்பிள்ள கொஞ்சம் மாநிறமா இருந்தா போதும், பிரிண்ட்ல கன்னத்துக்கு கீழ எல்லாம் கருப்புல மறஞ்சு போயிரும். நான் பிரிண்ட் கடைக்காரர் மேல சந்தேகப்பட்டேன். நண்பர் ஒருத்தர் ஸ்பைடர் கேலிப்ரேட்டர் (திரையோட வெளிச்சம், நிறத்த அளக்கற கருவி) குடுத்தாரு, வச்சுப் பாத்தா என் மானிட்டர் பிரைட்னஸ் 300 நிட்ஸுக்கு மேல. அவ்ளோ வெளிச்சத்துல பாத்து எடிட் பண்ணா நிழல் எல்லாம் நல்லா தெரியற மாதிரிதான் இருக்கும், பேப்பர்ல வெளிச்சம் ஏது? 120 நிட்ஸ், 6500 கெல்வின்னு கொண்டு வந்ததும் திரை மங்கலா தெரிஞ்சுது, ரெண்டு நாள்ல கண்ணு பழகிருச்சு, அடுத்த ஆல்பம் திரைல பாத்த மாதிரியே வந்துச்சு. நம்ம ஆளுங்க நிறத்த சரியா காட்டறதுக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டும் உதவாது, இதுதான் உதவும். அதே மாதிரி மானிட்டர் பெட்டில 95 சதவீதம் பி3ன்னு (அகலமான நிற வரம்பு) போட்டிருந்தா சந்தோஷம்தான், ஆனா கலர் மேனேஜ்மெண்ட் இல்லாத ஆப்புல குங்குமம் எரியற சிவப்பா தெரியும், மஞ்சள் பட்டுப்புடவை பளபளன்னு பொய் சொல்லும். வாட்ஸ்அப்புக்கு போற படம்னா எஸ்ஆர்ஜிபி (சாதா நிற வரம்பு) மோடுல ஒரு தடவை பாத்துட்டு அனுப்புங்க.

ஆறு மாசம் ஓட்டினதுல கொறைன்னு பாத்தா சூடு. எங்க வீவக ரூம்ல ஏர்கான் போடாம மத்தியானம் ஆடினா கார்டு 70 டிகிரிக்கு போகுது, கார்டுக்கு அது ஒண்ணும் இல்ல, ரூம்ல இருக்கற நமக்குதான் வேர்த்துக் கொட்டும். கேம் ஓடும்போது மெஷின் மொத்தம் 330 வாட் கிட்ட இழுக்குது, நாலு மணி நேரம்னா யூனிட் 30 காசு கணக்குல ஒரு 40 காசு, அத விட ஏர்கானுக்குதான் கரண்ட் போகுது. எஃப்பிஎஸ்ஸ 120ல நிறுத்தி வச்சேன், சூடும் சத்தமும் நல்லா குறையுது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. தூசி வடிகட்டிய மாசம் ஒருக்கா கழுவறேன்.

மொத்தச் செலவு கார்டு, சிபியு, கூலர், ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எல்லாம் சேத்து 1,300 வெள்ளிக்கு கொஞ்சம் மேல. பழைய 1660 சூப்பர கரோசல்ல (பழைய பொருள் வாங்கி விக்கற ஆப்) போட்டேன். வாங்க வந்த பையன் பாலிடெக்னிக் படிக்கறான், முதல் பிசி கட்டறான். கரோசல்ல தனி ஆளுக்கிட்ட வாங்கினா லெமன் லா எல்லாம் செல்லாது, வாங்கினது வாங்கினதுதான், அதனால வாய்ட் டெக்ல (பிளாக் கீழ இருக்கற திறந்த எடம்) காச மாத்திக்கிட்டு போயிராதன்னு சொல்லி வீட்டுக்கே கூப்ட்டு, கார்ட மறுபடி மாட்டி, அரை மணி நேரம் கேம் ஓட்டி, டெம்பரேச்சர், ஃபேன் சத்தம், ஸ்கிரீன்ல கோடு எதாவது விழுதான்னு எல்லாம் காட்டித்தான் குடுத்தேன். பழைய 16 ஜிபி ரேமையும் சேத்து குடுத்துட்டேன், எங்க வீட்ல இனிமே அதுக்கு வேலை இல்ல. போகும்போது சிபியு என்ன வாங்கட்டும்ணேன்னு கேட்டான். முதல்ல நீ என்ன ஆடறன்னு ஒரு பேப்பர்ல எழுதி, அந்த சிம் லிம் அங்கிள்கிட்ட எடுத்துட்டு போன்னு கடை எந்த மாடின்னு சொல்லி அனுப்பினேன்.